அரசர் என்ற சொல்லை எங்களிடம் விட்டுவையுங்கள்

கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு மறையுரை தயாரிக்கும் தமிழகத்து அருட்தந்தையர் அனைவருக்கும்,

தோத்திரம் சாமி.

ஞாயிறுதோறும் இரண்டாம் பூசை முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்துவருகிறேன். 31 ஆண்டுகள் ஆகிவிட்டன. உங்களில் பலருக்கு என் மகன் வயது இருக்கும். இரண்டு பேர் என் வகுப்பிலேயே உட்கார்ந்து படித்துவிட்டுக் குருமடம் போனவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கடந்த பெருவிழாவுக்கு மூன்று இடங்களில் பூசை காண வாய்த்தது. சனி மாலை தங்கை ஊரில், ஞாயிறு காலை எங்கள் பங்கில், அன்று மாலை நற்கருணைப் பவனி முடிந்த மைதானத்தில். ராஜா, மகுடம், சிம்மாசனம் எல்லாம் பழைய காலத்துச் சங்கதி, மக்களாட்சியில் வாழும் நமக்கு அந்தச் சொல் ஒட்டாது, ஆகவே இயேசுவை நம் தலைவர் என்று எடுத்துக்கொள்வோம் என்றார் ஒருவர். இன்னொருவர் நண்பர் என்றார். மூன்றாமவர் அந்தச் சொல்லின் பக்கமே போகவில்லை. பகிர்ந்து வாழ்வது பற்றிப் பேசி முடித்துவிட்டார். மூவரும் நல்ல குருக்கள். நோயாளி வீட்டுக்கு நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வருகிறவர்கள். அதனால்தான் எனக்கு வலித்தது.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். "ராஜான்னு சொல்லக்கூடாதுன்னா, பின்ன எதுக்கு டீச்சர் 'கிறிஸ்து அரசர் வாழ்க'ன்னு ரோடு முழுக்கச் சொல்லிட்டுப் போனோம்?"

ஏதோ சொல்லி உட்காரவைத்தேன். அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அன்றைக்கு அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் அவன் என்னைவிட உங்களைத்தான் அதிகம் கேட்கிறான்.

முதலில் அந்த 'தலைவர்' என்ற சொல். வேறு ஊரில் அது எப்படியோ, தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா? பேருந்து நிலையச் சுவரில் இருப்பவர் தலைவர். திரையரங்க வாசலில் பாலாபிஷேகம் வாங்குகிறவர் தலைவர். சாதிச் சங்கத்துக்குத் தலைவர், வார்டுக்குத் தலைவர், கோயில் கமிட்டிக்குத் தலைவர். இந்த வரிசையில் ஆண்டவரையும் நிறுத்தினால் பிள்ளைகளுக்கு அவர் இன்னொரு சுவரொட்டியாகத்தான் தெரிவார். தலைவர் என்பவர் நாம் தேர்ந்தெடுப்பவர். பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்ளலாம். "நீங்கள் என்னைத் தேர்ந்துகொள்ளவில்லை, நான்தான் உங்களைத் தேர்ந்துகொண்டேன்" என்று சொன்னவரை அந்த நாற்காலியில் எப்படி உட்காரவைப்பது?

நண்பர் என்பது உண்மைதான். அவரே நம்மை நண்பர்கள் என்று அழைத்திருக்கிறார். ஆனால் அந்த அழைப்பின் இனிமை அழைத்தவர் யார் என்பதில் அல்லவா இருக்கிறது?

தமிழில் கடவுளைப் பற்றி வாய் திறந்தாலே அரசன் வந்துவிடுகிறான், சாமி. கோவின் இல்லம் கோயில். ஆள்கிறவர் ஆண்டவர். 'இறை' என்பதற்கு அரசன் என்றும் பொருள். திருக்குறளில் இறைமாட்சி என்ற அதிகாரம் அரசனைப் பற்றியதுதான். அரசர் என்ற சொல் நமக்கு ஒட்டாது என்று மறையுரையில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்கிறீர்கள்.

என் அம்மா கடைசிவரை பழைய செபத்தைத்தான் சொன்னாள். "உம்முடைய இராச்சியம் வருக." புதிய மொழிபெயர்ப்பில் "உமது ஆட்சி வருக" என்று வந்தபோது நாங்கள் எல்லாரும் மாறிக்கொண்டோம். நல்ல தமிழ்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா மட்டும் மாறவில்லை. இராச்சியம் என்றால் அதில் ஊர், மண், மக்கள், வீடு எல்லாம் இருக்கிறது, ஆட்சி என்றால் யாரோ வருவார்கள் போவார்கள் என்பாள். படுக்கையில் கிடந்த கடைசி வாரங்களில் பேச்சு குழறிப்போயிருந்தது. ஆனாலும் மாலையில் நாங்கள் செபமாலை முடித்து "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க" என்று தொடங்கினால் அவள் உதடு கூடவே அசையும். பிரார்த்தனை மாலையில் சம்மனசுகளுடைய இராக்கினியே, வேதசாட்சிகளுடைய இராக்கினியே, சமாதானத்தின் இராக்கினியே என்று ஒவ்வொன்றுக்கும் விரல் எழும்பி இறங்கும். எழுதப்படிக்கத் தெரியாதவள். மீன்கூடை சுமந்து எங்களை வளர்த்தவள். வெளியில் யாரும் அவளை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஆனால் தான் ஓர் அரசியின் பிள்ளை என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தச் சொல்லை அவளிடமிருந்து எடுத்திருந்தால் பதிலுக்கு என்ன கொடுத்திருப்பீர்கள்?

இந்தப் பெருவிழா ஏதோ மன்னர் காலத்துப் பழக்கம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேர்மாறு. மன்னர்கள் விழுந்த பிறகு வந்த விழா இது. முதல் உலகப்போர் முடிவதற்குள் ரஷ்யாவில் ரோமனோவ் வம்சமும், முடிந்த கையோடு ஜெர்மனியில் ஹோகன்சோலர்னும், ஆஸ்திரியாவில் ஹாப்ஸ்பர்க்கும் அரியணை இழந்தன. காலியான இடத்தில் தேசமே கடவுள், கட்சியே கடவுள் என்று சொல்கிறவர்கள் ஏறத் தொடங்கினார்கள். 1925 ஜனவரியில் முசோலினி தன் சர்வாதிகாரத்தை வெளிப்படையாகவே அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, அதே ரோம் நகரிலிருந்து, திருத்தந்தை 11-ம் பத்திநாதர் 'குவாஸ் பிரீமாஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டு இந்தப் பெருவிழாவை ஏற்படுத்தினார். நம் விசுவாச அறிக்கைக்கு அடித்தளமிட்ட நீசேயா பொதுச்சங்கத்தின் 1600-வது ஆண்டும் அதுதான். "அவரது ஆட்சிக்கு முடிவு இராது" என்று ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்கிறோமே, அந்தச் சொல்லை முடிவில்லா ஆட்சி தங்களுக்கே என்று முழங்கிக்கொண்டிருந்தவர்களின் முகத்துக்கு நேரே அவர் சொன்னார். முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு கொண்டாடப்பட்டது. 1969-ல் திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது, நவம்பர் பிற்பகுதியில் வரும் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு வந்தது. நூறு ஆண்டு நிறைந்துவிட்ட ஒரு விழாவின் பிறப்புக் கதையை ஒரே ஒரு மறையுரையிலாவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே!

சுற்றுமடல் வந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை, மெக்சிகோவில் அந்தச் சொல்லுக்கு உயிர் விலையானது. அங்கே அப்போது மன்னர் இல்லை, குடியரசுதான். அந்தக் குடியரசு குருக்களை வேட்டையாடியது. 1927 நவம்பர் 23 அன்று மிகுவேல் புரோ என்ற இயேசு சபைக் குருவைச் சுட்டுக்கொல்ல நிறுத்தினார்கள். கைகளைச் சிலுவைபோல விரித்து "கிறிஸ்து அரசர் வாழ்க" என்று சொல்லி அவர் விழுந்தார். நம் பிள்ளைகள் தெருவில் சொல்லிக்கொண்டு போகிற அதே முழக்கம். அவர் 'கிறிஸ்து நண்பர் வாழ்க' என்று சொல்லியிருந்தால் துப்பாக்கி பிடித்தவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்?

மெக்சிகோ வரை போக வேண்டாம். நம் மண்ணுக்கே வருகிறேன்.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியில் இருந்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் சிறைப்பட்டார். எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மூன்று ஆண்டு வதைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நான் சொல்ல வருவது இந்தக் கதைக்கு நடுவே வரும் ஒரு தேதி. 1750 ஜனவரியில், தேவசகாயம் விலங்கில் கிடந்த அதே காலத்தில், மார்த்தாண்ட வர்மா தன் உடைவாளைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி சந்நிதியில் வைத்து, திருவிதாங்கூர் முழுவதையும் இறைவனுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, இனி நான் பத்மநாபதாசன், அடியேன் என்று ஆண்டார். வரலாற்று ஆசிரியையாகப் பள்ளியில் இதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது இந்த ஓராண்டில்தான். அந்த மன்னரை நான் பழிக்கவில்லை. அவர் வணங்கிய இறைவன்மேல் அவர் வைத்த பக்தியையும் குறைத்துப் பேசவில்லை. தனக்கு மேலே ஓர் அரசன் இருக்கிறான் என்று சிம்மாசனத்தில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது, விலங்கில் கிடந்தவருக்கும் தெரிந்திருந்தது. அந்த அரசன் யார் என்பதில்தான் ஓர் உயிர் போனது. அந்தக் காலத்தின் பாஷையே அது. அதைப் புரியாமல் தேவசகாயத்தைப் பற்றி என்ன பேசினாலும் அவர் ஏன் செத்தார் என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடாது. தலைவருக்காக யாரும் மூன்று ஆண்டு எருமைமேல் உட்கார மாட்டார்கள்.

அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோவின் கதையும் அப்படித்தான். போர்த்துகலின் லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பெத்ரோவோடு வளர்ந்தவர், தமிழ் கற்று, காவி கட்டி, மறவர் நாட்டுக்கு வந்தார். நடுவில் ஒருமுறை ஊர் திரும்பியபோது, அன்றைய விளையாட்டுத் தோழன் மன்னராக இருந்தார். இங்கேயே இரு என்று வற்புறுத்தினார். கேளாமல் திரும்பி வந்தவரை 1693 பிப்ரவரி 4 அன்று கிழவன் சேதுபதியின் ஆணைப்படி ஓரியூரில் வெட்டினார்கள். ஒரு மன்னர் அன்பால் பிடித்துவைக்கப் பார்த்தார், இன்னொரு மன்னர் கோபத்தால் கொன்றார். இரண்டுக்கும் அவர் கட்டுப்படவில்லை.

இதெல்லாம் வாளும் கழுமரமும் இருந்த காலத்துக் கதை, நவீன வாழ்க்கைக்கு என்ன பொருத்தம் என்று கேட்கலாம். 1990-ல் நடந்ததைச் சொல்கிறேன். பெல்ஜியத்தில் கருக்கலைப்பை ஓரளவு அனுமதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மன்னர் போதுவான் கையெழுத்திட வேண்டும். பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதி அவரும் அரசி ஃபபியோலாவும். உண்டான கருக்களெல்லாம் கலைந்துபோன துயரம் அவர்களுக்கு இருந்தது. என் மனச்சாட்சி இதற்கு இடங்கொடுக்கவில்லை என்று பிரதமர் மார்டென்சுக்கு அவர் கடிதம் எழுதினார். நாட்டில் எல்லாருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் உண்டு, மன்னருக்கு மட்டும் கிடையாதா என்று அதில் கேட்டார். அதே கடிதத்தில், நாடாளுமன்றத்தின் வேலை தன்னால் நின்றுவிடாதபடி ஒரு வழி காணுமாறும் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 4 அன்று மன்னர் ஆளும் நிலையில் இல்லை என்று அமைச்சரவை அறிவித்து, அமைச்சர்களே கையெழுத்திட்டார்கள். மறுநாள் நாடாளுமன்றம் கூடி அவரை மீண்டும் அமர்த்தியது.

சிலர் இதைத் தந்திரம் என்றார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நாட்டின்மேல் தன் விருப்பத்தைத் திணிக்கவும் இல்லை, தன் கையைத் தன் கடவுளுக்கு எதிராக நீட்டவும் இல்லை. கையெழுத்தைவிட அரியணையை விடுவது எளிது என்று முடிவு செய்த ஒரு மனிதர். 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் பெல்ஜியத்தின் லேக்கனில் அவர் கல்லறையில் செபித்தார். அவரை அருளாளராக்கும் பணியைத் தொடங்கப்போவதாகவும் சொன்னார். கிறிஸ்து அரசர் என்று உண்மையாகவே நம்புகிற ஓர் அரசர் எப்படி இருப்பார் என்று பையன்கள் கேட்டால் எனக்குச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

முடியாட்சி திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பணியில் இருந்த காலம் முழுக்கத் தேர்தல் வேலைக்குப் போய், விரலில் மை வைத்து, பெட்டியைக் காவல் காத்தவள். மன்னர்கள் என்ன செய்வார்கள் என்பதை விவிலியத்தில் இறைவாக்கினர் சாமுவேலைவிடக் கடுமையாக யாரும் சொல்லிவிடவில்லை: உங்கள் மகன்களைத் தேருக்குப் பிடிப்பான், மகள்களைச் சமையலுக்கு எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கேட்பான். இந்த ஆட்சிமுறைதான் கடவுளுக்கு ஏற்றது என்று திருச்சபை எதையும் பிடித்துத் தொங்கவும் இல்லை. பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் குடியரசை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 13-ம் சிங்கராயர் 1892-லேயே எழுதினார். திருச்சபையின் ஆள்களே கொடுங்கோலர்களுக்கு ஆசி கொடுத்த நாள்களும் உண்டு; அதை மறைத்துப் பேசினால் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள். இவ்வளவும் தெரிந்தும் கேட்கிறேன். கெட்ட அரசர்களைப் பார்த்துவிட்டோம் என்பதற்காக அரசர் என்ற சொல்லையே கைவிட்டால், குடிகாரத் தகப்பனைப் பார்த்த பிள்ளைக்கு எந்தச் சொல்லால் பரலோகத் தந்தையைக் காட்டுவது?

நற்செய்தியில் அவரே அந்தச் சொல்லை எப்படி நடத்தியிருக்கிறார் என்று பாருங்கள். அப்பம் தின்ற கூட்டம் பிடித்துக்கொண்டுபோய் அரசராக்கப் பார்த்தது. அவர் தனியாக மலைக்குப் போய்விட்டார். கைகள் கட்டப்பட்டு பிலாத்துமுன் நின்றபோதுதான் தம் ஆட்சியைப் பற்றி வாய் திறந்தார். மத்தேயு 25-ல் மானிட மகன் என்று தொடங்குகிற வாசகம், பசியாய் இருந்தேன், தாகமாய் இருந்தேன், சிறையில் இருந்தேன் என்று சொல்ல வரும் இடத்தில் 'அரசர்' என்று மாறுகிறது. பசித்தவன் பேச்சில் அரசர் என்ற சொல்! பகிர்ந்து வாழ்வது பற்றிப் பேசிய அந்தச் சாமி, தன் கையிலேயே இருந்த இதை எப்படி விட்டார் என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமை. பகிர்வதற்குக் காரணம் இரக்கம் மட்டுமா? வாசலில் நிற்பது அரசர் என்பதால் அல்லவா கதவைத் திறக்க ஓடுகிறோம்? "எங்களுக்குச் சீசரைத் தவிர வேறு அரசர் இல்லை" என்று கத்தியவர்கள் தலைமைக் குருக்கள் என்பதையும் யோவான் எழுதிவைத்திருக்கிறார். இதை உங்களிடம் சொல்வதற்கு மன்னியுங்கள், சாமி.

இந்தச் சொல்லை இழுத்துப் பிடிக்க எனக்கு இன்னொரு காரணம் உண்டு. அவர் அரசர் என்றால் நம் ஊர்களில் வேறு யாரும் அரசர் இல்லை. திருவிழாவில் முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு என்று அடிதடி நடக்கிறது. தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிட வேண்டும் என்று எழுதாத சட்டம் வைத்திருக்கிறோம். செத்த பிறகும் சுவர் எழுப்பிப் பிரித்துப் புதைக்கிற கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. ஒரு பவனியில் நானே பார்த்தேன். பட்டு விதானத்தின் கீழே நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தோடு சாமி வருகிறார். கிழக்குத் தெரு முக்கில் பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மெழுகுதிரி ஏற்றி, முழங்காலில் காத்திருக்கிறார்கள். பவனி அந்த முக்கு வரை வந்து மேற்கே திரும்பிவிட்டது. வழி முன்னமே முடிவானதாம். ஒரு கிழவி எழுந்திருக்காமல் அப்படியே இருந்தாள். அரசர் தன் குடிமக்கள் தெருவுக்குள் போகக்கூடாது என்று முடிவு செய்தது யார்? அப்படி முடிவு செய்தவர்தானே அந்த ஊருக்கு அரசர்? தலைவர் என்று சொன்னால் கமிட்டி அவருக்கும் ஒரு வழித்தடம் போட்டுக் கொடுத்துவிடும். அரசர் என்று நாம் உண்மையாகவே சொல்லியிருந்தால் அன்று பவனி கிழக்கே போயிருக்கும். தேவசகாயம் 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது சாதிப் பட்டம் இல்லாமல்தான் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிதில்லை. வரும் பெருவிழாவில் அரசர் என்ற சொல்லுக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். தேவசகாயத்தையும் அந்த 1750 ஜனவரியையும் சொல்லுங்கள். கோட்டாறும் காற்றாடிமலையும் பேருந்தில் போய்த் தொடுகிற தூரத்தில் இருக்கின்றன, பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். மிகுவேல் புரோவைச் சொல்லுங்கள். போதுவானைச் சொல்லுங்கள், வாக்கு கேட்டு வருகிறவர்களும் வாக்கு போடுகிறவர்களும் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் அது உதவும். பவனி எந்தத் தெரு வழியே போகும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள், கமிட்டியிடம் விடாதீர்கள்.

எங்கள் பங்கில் பவனிக்கான முதல் கூட்டம் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு என்று அறிவித்திருக்கிறார்கள். அன்று மறைக்கல்வி வகுப்பு கிடையாது. அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு நான் வருகிறேன்.

கிறிஸ்து அரசரில்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை,
குமரி மாவட்டம்.